முதல் எலெக்ட்ரிக் சைக்கிள்: குறைந்த பணத்தில் சரியானதை வாங்குவது எப்படி?

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாம் என்று விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தால் மூன்று எண்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: மோட்டார் எத்தனை வாட், எவ்வளவு வேகம், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர். விலை குறைந்த வண்டிகளில் இந்த எண்கள் இன்னும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் வண்டி உங்களிடம் எத்தனை வருடம் உழைக்கும் என்பது பேட்டரி எப்படிப்பட்டது, பிரேக் எப்படிப்பட்டது, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள் என்பதைப் பொறுத்தது. இவை விளம்பரத்தில் இருக்காது. நாமாகக் கேட்டால்தான் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பணம் குறைவாக இருந்தால் அதைப் பேட்டரியிலும் பிரேக்கிலும் போடுங்கள். வேகம், கலர் டிஸ்ப்ளே, மொபைல் ஆப், பருத்த டயர் ஆகியவற்றில் விட்டுக்கொடுங்கள். பழுது பார்க்க ஆள் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். முதல் பழுதிலேயே அது வீட்டு மூலையில் நின்றுவிடும். கொடுத்த பணம் முழுவதும் வீண்.

இங்கே நான் பேசுவது பெடல் உள்ள, மிதித்து ஓட்டுகிற வண்டிகளைப் பற்றி மட்டும். மின்சார ஸ்கூட்டர் தனிக் கதை.

1. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பாதையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் போகிற தூரம் எவ்வளவு, வழியில் ஏற்றம் உண்டா, உங்கள் எடை, கூடவே தூக்கிப்போகும் சுமை, போகிற இடத்தில் சார்ஜ் போட முடியுமா, இரவில் வண்டி எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பின்னால் வரும் முடிவுகள் பெரும்பாலும் இந்தத் தாளைப் பார்த்தே எடுக்கப்படும்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று மாடிப்படி. சாதாரண சைக்கிள் 15 கிலோ இருந்தால், விலை குறைந்த எலெக்ட்ரிக் சைக்கிள் 22 முதல் 28 கிலோ வரை இருக்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர் இதைத் தினமும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. வண்டியைக் கீழே பூட்டிவிட்டு, சாவி போட்டுப் பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோகும் வசதி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஃப்ரேமுக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட பேட்டரி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலேயே பிளக் இருப்பவருக்குத்தான் அது சரிப்படும்.

2. சட்டம் எதை சைக்கிள் என்று சொல்கிறது?

இது சின்ன வேலை, ஆனால் முதலிலேயே முடித்துவிட வேண்டிய வேலை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு எல்லை இருக்கிறது. அதற்குள் இருந்தால் வண்டி சைக்கிள். தாண்டினால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் தேவைப்படும் மோட்டார் வாகனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் சூடாகாமல் தொடர்ந்து தரும் திறன் (தொடர் திறன்) 250 வாட், மோட்டார் உதவி நிற்க வேண்டிய வேகம் மணிக்கு 25 கி.மீ. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் இரண்டிலும் உதவி 32 கி.மீ. வேகத்தோடு நிற்க வேண்டும், மூன்றாவதில் 45 கி.மீ. வரை போகலாம். இந்தியாவில் 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை.

உங்கள் ஊரின் எல்லையைத் தெரிந்துகொண்டு அதற்குள் தேடுங்கள். "ஒரு பட்டனை அழுத்தினால் வேகக் கட்டுப்பாடு போய்விடும்" என்று விற்பவர் சொன்னால் அதை வசதியாக எண்ண வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீட்டிலிருந்து வழக்கு வரை எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும்.

3. எவ்வளவு பேட்டரி வேண்டும்? கணக்குப் போடுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். வண்டியின் பாகங்களில் விலை அதிகமானது பேட்டரி. பெரிதாக வாங்கினால் பணமும் எடையும் வீண். சிறிதாக வாங்கினால் வழியில் நின்று, 25 கிலோ வண்டியை மிதித்தே வீடு வர வேண்டும்.

பேட்டரியின் கொள்ளளவை வாட் ஹவரில்தான் ஒப்பிட வேண்டும். லேபிளில் வோல்ட் ஒரு எண்ணாகவும் ஆம்பியர் ஹவர் ஒரு எண்ணாகவும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் ஹவர். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 360. 48 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 480. ஆம்பியர் ஹவரை மட்டும் பார்த்து "இரண்டும் ஒன்றுதானே" என்று நினைத்துவிடக் கூடாது.

செலவு எவ்வளவு? சமதளத்தில், மிதமான உதவியில், நீங்களும் நன்றாக மிதித்தால் கிலோமீட்டருக்கு 6 முதல் 10 வாட் ஹவர் ஆகும். ஏற்றம், எதிர்காற்று, அதிக உதவி என்றால் 12 முதல் 15. பெடலைத் தொடாமல் த்ராட்டிலை (கைப்பிடியில் உள்ள ஆக்ஸிலரேட்டரை) திருகியே ஓட்டினால் 15ல் தொடங்கி 20க்கு மேலும் போகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பக்கம் 12 கி.மீ., போக வர 24 கி.மீ., நடுவில் சார்ஜ் போட வசதி இல்லை. கிலோமீட்டருக்கு 12 வாட் ஹவர் என்று வைத்தால் 288. பேட்டரியைத் தினமும் அடிவரை காலி செய்வது நல்லதல்ல. ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்றால் 360 தேவை. அப்புறம், சில வருடங்களில் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும். அப்போதும் இதே தூரம் ஓட வேண்டும் என்றால் 450. ஆகவே இவருக்கு 36 வோல்ட், 13 ஆம்பியர் ஹவர் பேட்டரி பொருத்தம். இதே ஆள் அலுவலகத்தில் சார்ஜ் போட முடியும் என்றால் இதில் பாதி போதும். மிச்சப் பணம் நல்ல பிரேக்குக்குப் போகும்.

விளம்பரத்தில் சொல்லும் தூரத்தையும் இதே கணக்கால் சோதித்துப் பாருங்கள். 360 வாட் ஹவர் பேட்டரியில் "80 கி.மீ." என்றால் கிலோமீட்டருக்கு 4.5 வாட் ஹவர்தான் செலவு என்று பொருள். மிகக் குறைந்த உதவியில், எடை குறைந்த ஒருவர், காற்றில்லாத சமதளச் சாலையில் நிறுத்தாமல் ஓட்டினால் அது நடக்கலாம். உங்கள் தினசரிப் பயணம் அப்படி இருக்காது. விளம்பர எண்ணில் பாதியை நம்பி வாங்குவது பாதுகாப்பு.

ஏற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நீங்களும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய 30 மாடி உயரம், ஏறுவதற்கு 27 வாட் ஹவர் ஆற்றல் தேவை. மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் சுமார் 35. உங்கள் பாதையில் மொத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள் என்பதைப் பல வரைபடச் செயலிகள் காட்டும். அதை இப்படி மாற்றித் தேவையோடு கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் மிதிக்கும் அளவுக்கு இது குறையும்.

வேகமும் சத்தமில்லாமல் பேட்டரியைக் குடிக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 25 கி.மீ. வேகத்திலிருந்து 32க்குப் போனால் அதே தூரத்துக்குக் காற்றோடு போராடும் செலவு மட்டும் ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. வேகத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மெதுவாகப் போகிறவருக்குச் சின்னப் பேட்டரியே போதும்.

4. பேட்டரியின் தரம்: இங்கே மட்டும் பேரம் வேண்டாம்

மிக மலிவான சில வண்டிகளில் இன்னும் லெட் ஆசிட் பேட்டரி வருகிறது. 36 வோல்ட், 12 ஆம்பியர் ஹவருக்கு அது சுமார் 12 கிலோ எடை. அதே அளவு லித்தியம் அயான் பேட்டரி 3 கிலோவுக்குள் முடிந்துவிடும். லெட் ஆசிட்டை அடிக்கடி ஆழமாகக் காலி செய்தால் முந்நூறு, நானூறு சார்ஜில் சோர்ந்துவிடும். அந்த எடையோடு மிதிப்பதும் கஷ்டம். மிகக் குறைந்த தூரம், மேடே இல்லாத பாதை என்றால் தவிர இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நல்ல லித்தியம் அயான் பேட்டரி 500 முதல் 1000 முழு சார்ஜ் வரை தாங்கும். ஒரு சார்ஜுக்கு 40 கி.மீ. என்றால் 500 சார்ஜிலேயே 20,000 கி.மீ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகையும் உண்டு. எடை கொஞ்சம் அதிகம், ஆனால் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. உங்கள் விலைக்குள் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பேட்டரிப் பெட்டிக்குள் விரல் அளவு செல்கள் வரிசையாக இருக்கும். 36 வோல்ட் பேட்டரியில் 10 செல்கள் தொடராக இணைந்திருக்கும், 48 வோல்ட்டில் 13. எல்லாச் செல்களையும் கவனித்து, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமலும் அளவுக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். இதை பி.எம்.எஸ். என்பார்கள். விலையை இறக்க நினைக்கும் தயாரிப்பாளர் கைவைப்பது இந்த இரண்டிலும்தான்: பெயர் தெரியாத செல், தரமில்லாத போர்டு. பெட்டி மூடியிருப்பதால் வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். உள்ளே யாருடைய செல்? எந்தத் தரச் சான்று இருக்கிறது? எல்ஜி, சாம்சங், பானாசோனிக் போன்ற பெயர் எழுத்தில் கிடைத்தால் நல்லது. "நல்ல செல்தான் சார்" என்பது பதில் ஆகாது.

சான்றுகளில் மூன்றை நினைவில் வையுங்கள். வண்டியின் மின் அமைப்பு முழுவதற்கும் யூஎல் 2849, பேட்டரிக்கு யூஎல் 2271, ஐரோப்பாவில் வண்டிக்கு ஈஎன் 15194. இதெல்லாம் வெறும் காகித வேலை என்று நினைத்தால் நியூயார்க்கைப் பாருங்கள். எலெக்ட்ரிக் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றின் லித்தியம் பேட்டரிகளால் ஏற்பட்ட தீவிபத்துகளில் அந்த ஒரு நகரத்தில் 2023ல் மட்டும் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் சான்று இல்லாத வண்டிகளையும் பேட்டரிகளையும் அங்கே விற்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேட்டரியை நாம் வீட்டுக்குள், சில சமயம் குழந்தைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் செய்கிறோம். சான்று இல்லாத பேட்டரியை எந்த விலைக்கும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடுதான் சொல்கிறேன்.

சார்ஜரும் இதோடு சேர்ந்ததுதான். 36 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறும்போது 42 வோல்ட் இருக்கும். 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட். இரண்டு சார்ஜர்களின் செருகும் முனையும் ஒரே மாதிரி இருக்கலாம், மாற்றிச் செருகினால் பொருந்தவும் செய்யலாம். விளைவு தீயாக இருக்கக்கூடும். வண்டியோடு வந்த சார்ஜரையோ அதே தயாரிப்பாளரின் மாற்றையோ மட்டும் பயன்படுத்துங்கள். கூடவே கிடைக்கும் 2 ஆம்பியர் சார்ஜரில் 360 வாட் ஹவர் பேட்டரி ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும். இது ஒரு குறை இல்லை. மெதுவாக ஏறுவது பேட்டரிக்கு நல்லதுதான்.

5. மோட்டார்: வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்

சாதாரண உடல்நிலை உள்ள ஒருவர் நீண்ட நேரம் சீராக மிதித்துத் தரக்கூடிய திறன் 100 வாட் அளவில்தான் இருக்கும். 8 சதவீத ஏற்றத்தில் 100 கிலோ மொத்த எடையை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற்ற சுமார் 220 வாட் வேண்டும். அதாவது 250 வாட் மோட்டாரும் உங்கள் கால்களும் சேர்ந்தால் நல்ல ஏற்றத்தையே சமாளிக்கலாம். 750 வாட், 1000 வாட் என்ற எண்கள் பேட்டரியை வேகமாகக் காலி செய்யவும் சட்ட எல்லையைத் தாண்டவும்தான் பெரும்பாலும் உதவும்.

அந்த வாட் எண்ணிலும் இரண்டு வகை உண்டு. தொடர்ந்து சூடாகாமல் தரக்கூடியது தொடர் திறன். சில விநாடிகளுக்கு எட்டக்கூடியது உச்சத் திறன். ஒரு கடையில் 250 என்றும் இன்னொரு கடையில் 500 என்றும் எழுதியிருப்பது ஒரே மோட்டாராகவே இருக்கலாம். எது எந்த எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருந்தால் மிட் டிரைவ். 1993ல் ஜப்பானில் யமஹா கொண்டுவந்த பெடல் உதவி சைக்கிளில் மோட்டார் பெடல் அச்சருகேதான் இருந்தது. இன்று பாஷ், ஷிமானோ போன்றவர்கள் செய்வதும் அந்த வகை. கியர்கள் வழியாக வேலை செய்வதால் செங்குத்தான ஏற்றத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் விலை அதிகம், செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும், பழுது பார்க்க அந்தந்த நிறுவனத்தின் கருவியும் மென்பொருளும் தேவைப்படும்.

குறைந்த பணத்தில் வாங்குபவருக்குப் பின்சக்கர ஹப் மோட்டார்தான் என் பரிந்துரை. அமைப்பு எளிது, செயினுக்கு அது கூடுதல் சுமை தராது, செயின் அறுந்தாலும் த்ராட்டில் இருந்தால் வீடு வந்து சேரலாம். ஹப்பிலும் உள்ளே சின்ன கியர்கள் உள்ளது ஒரு வகை, கியரே இல்லாதது ஒரு வகை. கியர் உள்ளதில் எடை குறைவு, மோட்டாரை அணைத்தால் சக்கரம் தடையில்லாமல் சுழலும். கியர் இல்லாததில் சத்தமே இருக்காது, தேய்வதும் குறைவு, ஆனால் எடை கூடுதல். அணைத்துவிட்டு மிதித்தால் யாரோ பின்னாலிருந்து லேசாகப் பிடித்து இழுப்பது போல இருக்கும். நாமும் மிதிக்கப் போகிறோம் என்றால் கியர் உள்ளதே மேல். நீண்ட, செங்குத்தான மலைப்பாதை மட்டும் விதிவிலக்கு. மெதுவாக ஏறும்போது ஹப் மோட்டார் திணறிச் சூடாகும். அங்கே பணம் சேர்த்து மிட் டிரைவ் வாங்குவதே நல்லது.

நீங்கள் மிதிப்பதை மோட்டார் எப்படி அறிகிறது என்பதும் ஓட்டும் அனுபவத்தை மாற்றும். மலிவான வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். அரைச் சுற்று தாமதித்து மோட்டார் பிடிக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் உதவி இயல்பாக, உங்கள் கால்களே பலமானது போலக் கிடைக்கும். பேட்டரியும் மிச்சமாகும். இப்போது நடுத்தர விலை வண்டிகளிலும் இது வரத் தொடங்கியிருக்கிறது. கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காக பேட்டரியின் தரத்தைக் குறைக்க வேண்டாம்.

6. பிரேக், சக்கரம், ஃப்ரேம்

சாதாரண சைக்கிளைவிடப் பத்து கிலோ அதிக எடை, கூடுதல் வேகம். இரண்டும் சேர்ந்தால் நிறுத்துவதற்குத் தேவையான சக்தி நிறையக் கூடுகிறது. டிஸ்க் பிரேக் இல்லாத எலெக்ட்ரிக் சைக்கிளைத் தவிர்த்துவிடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் சிறந்தது. ஒரு விரலால் அழுத்தினாலே நிற்கும். ஓரளவு சமதளமான பாதைக்கு கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கும் போதும், அதை எந்த சைக்கிள் கடையிலும் சரிசெய்துவிடலாம். பிரேக் லிவரைத் தொட்டதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்க வேண்டும். த்ராட்டில் உள்ள வண்டியில் இது இல்லாவிட்டால் வாங்கவே கூடாது.

முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மலிவான சஸ்பென்ஷன் எடையைக் கூட்டும், சில மாதங்களில் ஆடத் தொடங்கும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்தால் சாலையின் குலுக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும். நான்கு அங்குல பருத்த டயர் மணலுக்கும் பனிக்கும் உருவானது. தார்ச் சாலையில் அது வெறும் சுமை, டியூப் கிடைப்பதும் கஷ்டம். எந்தக் கடையிலும் டயர் கிடைக்கும் பொது அளவுச் சக்கரமாகப் பாருங்கள்.

பஞ்சர் பற்றி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்ற ஒயர் கனெக்டரைப் பிரிக்க வேண்டும், அச்சு நட்டைத் தளர்த்த ஸ்பேனர் வேண்டும் (பெரும்பாலும் 18 மி.மீ.), வாஷர்கள் எந்தப் பக்கம் எப்படி இருந்தன என்று நினைவில் வைத்து அப்படியே பூட்ட வேண்டும். கடைக்காரரை ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லி மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டும் பழைய வழி இங்கே ரொம்ப உதவும்.

மழையில் ஓட்டுவீர்கள் என்றால் நீர்த்தடுப்பு அளவைப் பாருங்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். எந்த எண் இருந்தாலும் தேங்கிய வெள்ளத்தில் இறக்குவதோ அழுத்தமான தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதோ கூடாது.

7. கெட்டால் யார் பார்ப்பார்கள்?

பட்டியலில் இரண்டு மூன்று வண்டிகள் மிஞ்சியதும் இந்தக் கேள்வியை வைத்து வடிகட்டுங்கள். இதே பேட்டரி தனியாகக் கிடைக்குமா, இப்போது என்ன விலை? கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), டிஸ்ப்ளே, சார்ஜர் இருப்பில் உண்டா? ஃப்ரேமுக்கும் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனியாக எவ்வளவு காலம் உத்தரவாதம்? பேட்டரிக்கான உத்தரவாதம் கொள்ளளவு குறைவதற்கும் உண்டா, முழுதாகச் செத்தால் மட்டுமா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு வீட்டுக்கு அருகில் உள்ள சைக்கிள் மெக்கானிக்கிடம் போய், இந்த மாதிரி வண்டியைத் தொடுவாரா என்று கேளுங்கள். பல மெக்கானிக்குகள் பிரேக், செயின், கோட்டம் எடுப்பது எல்லாம் செய்வார்கள், மின்பாகம் என்றால் கைவிரித்துவிடுவார்கள். அது நியாயம்தான். மின்பாகத்துக்கு வேறு ஆள் இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும். நிறைய வண்டிகளில் வரும் பாஃபாங் போன்ற பரவலான மோட்டார்களுக்குப் பாகமும் பழகிய ஆட்களும் கிடைப்பது எளிது. பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் தனி வடிவ பேட்டரி, தனி வடிவ டிஸ்ப்ளே என்றால் நிறுவனம் மூடப்பட்ட நாளில் வண்டியும் நின்றுவிடும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதில் இந்த அபாயம்தான் அதிகம்.

8. ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

குறைந்தது இருபது நிமிடம் கேளுங்கள். முதலில் மோட்டாரை அணைத்துவிட்டு மிதியுங்கள். வழியில் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஃப்ரேமின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி வசதியாக நிற்க முடிகிறதா, சீட்டை ஏற்றினால் முழங்கால் ஏறக்குறைய நேராகிறதா என்று பாருங்கள். பின் மோட்டாரைப் போட்டு, ஒரு மேட்டின் நடுவில் நிறுத்தி அங்கிருந்தே கிளம்புங்கள். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் வண்டியின் குணம் தெரியும்: திடீரென்று பாய்கிறதா, திணறுகிறதா, மெதுவாகப் பிடித்து ஏற்றுகிறதா?

மிதிப்பதை நிறுத்தி, மோட்டார் உடனே நிற்கிறதா என்று கவனியுங்கள். நெரிசலில் இதுதான் உங்களைக் காப்பாற்றும். பிரேக்கைப் பலமாகப் பிடித்துப் பாருங்கள். பேட்டரியை நீங்களே கழற்றி மாட்டுங்கள். அது ஆடினால் மேடுபள்ளத்தில் மின்தொடர்பு விட்டுவிட்டு வரும். கடைசியில் வண்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அங்கே மாடிப்படி இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும்.

9. பழைய வண்டி அல்லது மோட்டார் கிட்

பணம் இன்னும் இறுக்கமாக இருந்தால் பயன்படுத்திய வண்டியைப் பார்க்கலாம். விலை பேசுவதற்கு முன் அதன் பேட்டரி புதிதாக எவ்வளவு என்று விசாரியுங்கள். பழைய பேட்டரிக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள வண்டிக்கு மட்டும் விலை பேசுங்கள். பேட்டரி தயாரான தேதி லேபிளில் இருக்கும். லித்தியம் பேட்டரி ஓடாமல் சும்மா இருந்தாலும் வயதாகும். மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது என்றால் வேண்டாம். பெட்டியில் ஸ்க்ரூ தேய்ந்திருந்தாலோ, விரிசல், வீக்கம், கருகல் தெரிந்தாலோ அங்கேயே விலகிவிடுங்கள். முழு சார்ஜில் 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். அதோடு நிற்காமல் ஓட்டியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தளர்ந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணையே காட்டும். ஏற்றத்தில் டிஸ்ப்ளேயில் காட்டும் பேட்டரி அளவு உடனே இரண்டு கோடு இறங்கினால் அதன் காலம் முடிந்தது. அசல் ரசீதும் பேட்டரி சாவியும் இல்லாத வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம்.

வீட்டில் நல்ல சைக்கிள் இருந்தால் மோட்டார் கிட் (தனியாக வாங்கிப் பொருத்தும் மோட்டார் தொகுப்பு) மாட்டுவது இன்னொரு வழி. மோட்டாரின் சுழல் விசை அச்சைச் சுற்றிப் பிய்த்துவிடாமல் இருக்க டார்க் ஆர்ம் என்ற கம்பியைக் கட்டாயம் பூட்ட வேண்டும். முன்சக்கர மோட்டார் என்றால் ஃபோர்க் இரும்பாக இருக்கட்டும். அலுமினிய ஃபோர்க்கோ சஸ்பென்ஷன் ஃபோர்க்கோ பிளந்துகொள்ளக் கூடும். கிட் மலிவாகக் கிடைத்தாலும் பேட்டரிக்கு முன்னால் சொன்ன விதிகள் எதுவும் மாறாது.

10. வண்டிக்கு அப்பால் எடுத்துவைக்க வேண்டிய பணம்

கையிருப்பு முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். நல்ல பூட்டு, ஹெல்மெட், முன்பின் விளக்கு, மட்கார்டு, கேரியர் இவை பல வண்டிகளோடு வருவதில்லை. ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டக்கூடிய கனமான பூட்டு வாங்குங்கள், பேட்டரியைக் கையோடு எடுத்துப் போங்கள். சில வருடங்களில் வரப்போகும் புதிய பேட்டரிக்கும் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் அன்றைக்குத் திகைக்க வேண்டியிருக்காது.

சார்ஜ் போடும் இடத்தையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வெளியே போகும் வழியை அடைக்காத, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் கண்ணில் படுகிற இடம் வேண்டும். ஓட்டி வந்த சூட்டிலேயே செருகாமல் ஆறவிட்டுச் செருகுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியையும் அப்படியே சார்ஜ் செய்யக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரட்டும். சில வாரங்கள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பாதி அளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

வண்டி வந்த முதல் வாரத்தில் ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்து, உங்கள் வழக்கமான பாதையில், வழக்கமான உதவி அளவில் ஓட்டி, எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று தேதியோடு குறித்துவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பச் செய்யுங்கள். பேட்டரி சீக்கிரம் தளர்ந்தால் உத்தரவாதம் கேட்கப் போகும்போது இந்தக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். ரசீது, ஃப்ரேம் எண், பேட்டரி எண் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் உள்ள சக்கரத்தின் ஸ்போக் கம்பிகள் புதிதில் தளரும், பிரேக் கேபிளும் நீளும். அதனால் முதல் மாதம் முடிந்ததும் மெக்கானிக்கிடம் விட்டு இரண்டையும் இறுக்கி, கோட்டம் எடுத்து வாங்கிவிடுங்கள்.